கோபுரச் சாவி வைத்திருந்த எபி

கரையோரப் பாரம்பரியப் பாதை அலுவலகத்திலிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான அந்தப் பாதை தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறதாம். அதற்கு ஒரு சிறப்பு மலர் அச்சிடுகிறார்களாம். ஸ்கார்னஸ் கோபுரத்தின் சாவியை இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்த எபனேசர் நிகோலைப் பற்றி நூற்றைம்பது வார்த்தையில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். உற்சாகமாக இருந்தால் நல்லது என்று வேறு ஒரு வரி. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அவன் நல்லவன் என்பதை மட்டும்தான் அதற்குள் அடைக்க முடிந்தது. அது உண்மைதான், ஆனால் அதை மட்டும் சொன்னால் பொய். கிழித்து அடுப்பில் போட்டேன்.

அவர்களுக்கு வேண்டியதை வேறு யாராவது எழுதிக் கொடுக்கட்டும். இது எனக்காக நான் எழுதுவது. எபி என் கணவர் லூயிஸின் பெயரைக் கெடுத்தான். அதற்கு நான் எபிக்கு ஒன்று செய்தேன். செய்ததை அவனிடம் சொல்லவும் இல்லை. இரண்டில் எது பெரிய தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எபி ஷோர் தெருவில் ஒன்பதாம் எண் வீட்டில் பிறந்தான். நானும் அவனும் லூயிஸும் ஒரே வகுப்பு. வகுப்பில் பதினெட்டுப் பேர், அதில் ஏழு பேர் வாட், ஆறு பேர் நிகோல். எங்கள் கரையில் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தபால்காரர் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். சிலருக்குக் கல்லறைக் கல்லிலும் அதைப் பொறித்திருக்கிறார்கள். லூயிஸ் வீட்டுக்காரர்கள் டோசி. எபி வீட்டுக்காரர்கள் கோல்டி. ஒரு முறை ஒட்டிக்கொண்டால் பேரன் பேத்தி காலம் வரை விடாது.

பதினைந்து வயதில் இரண்டு பேரும் ஒரே படகில் ஏறினார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஒரே படகு, மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. எபிதான் சமையல். அவன் வைக்கும் சூப்பைக் குடித்துப் பிழைத்தவனை எந்தக் கடலும் ஒன்றும் செய்யாது என்று லூயிஸ் சொல்வார். எபி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், உங்கள் சண்டையைப் பார்த்த பிறகுமா என்பான். வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாய் ஓயாது. அவன் பேசுவதை யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு உலகத்தில் வேண்டியது. படகில் ஆறு பேர் இருந்தார்கள், வேறு போக்கிடம் இல்லாமல் கேட்டார்கள்.

கடலில் மீன் குறைந்துவிட்டது, படகுகளை உடைத்தால் பணம் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்ன வருஷம் எங்கள் படகும் போயிற்று. லூயிஸ் மீன் பதனிடும் ஆலைக்கு வேலைக்குப் போனார். எபிக்கு அந்தக் குளிரில் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு மீன் வெட்ட முடியவில்லை. ஆறு மாதத்தில் நின்றுவிட்டான். அந்த வருஷம்தான், அதுவரை கோபுரச் சாவியை வைத்திருந்த அவன் அத்தை இறந்து, சாவி அவனிடம் வந்தது.

ஊருக்கு மேற்கே பாறை முனையில் நிற்கிறதே, அந்தக் கோபுரம். கூரை இல்லை. நாலு சுவர், ஒரு படிக்கட்டு, நிறையப் புறா. கதவில் சின்னத் தகடு: சாவி ஷோர் தெரு, எண் 9. பார்க்க வருகிறவர்கள் இறங்கி வந்து கதவைத் தட்ட வேண்டும். சாவி ஒரு சாண் நீளம், தவறிக் கடலில் விழுந்தால் மிதக்கட்டும் என்று வலைத் தக்கை ஒன்றைக் கட்டியிருந்தான்.

"சாவி கெடைக்குமா?" என்பார்கள்.

"கெடைக்கும். ஒங்க கார் சாவிய வச்சுட்டுப் போங்க."

"அது எதுக்கு?"

"நீங்க பாட்டுக்கு என் கோபுரத்த ஓட்டிக்கிட்டுப் போயிட்டா நான் எங்க போயித் தேடறது?"

அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அவன் அன்று முழுவதும் சந்தோஷமாக இருப்பான். ஆனால் திரும்பி வரும்போது அவர்கள் முகம் தொங்கிப்போயிருக்கும். அதை அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு மழை நாள், பதினேழு வருஷத்துக்கு முன்பு, எங்கள் சமையலறைக்குள் தலை துவட்டாமல் வந்து உட்கார்ந்தான்.

"நாலு நிமிஷம் லூயிஸ். போயிட்டு வந்து சாவியக் கொடுக்க நாலே நிமிஷம். 'உள்ள ஒண்ணுமே இல்லையே'ன்னு அந்தம்மா என்னைய மொறைக்கிறா. உள்ள ராஜாவ ஒக்கார வச்சிருக்கேன்னா நான் சொன்னேன்?"

"நீ என்னடா சொல்லி அனுப்புன?"

"உள்ளதச் சொன்னேன். உப்பு மூட்ட அடுக்குனாங்க, வலை காயப்போட்டாங்க, அப்புறம் கூரைக்கு வரின்னதும் கூரையப் பிரிச்சுட்டாங்கன்னு."

"அதக் கேட்டுட்டு எவன்டா நிப்பான்? ஒரு கொலையாச்சும் வேணாமா?"

"பக்கத்து ஊர் கோட்டையில தலையில்லாத பொம்பள நடக்கிறாளாம். நமக்கு வாச்சது புறா எச்சம்."

லூயிஸ் ரோவி என்கிற எங்கள் பக்கத்துத் தட்டை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "என் கொள்ளுத்தாத்தாவ எடுத்துக்கோயேன். டோசி வாட். செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கேஸ் போட மாட்டாரு."

கதை அப்படித்தான் பிறந்தது. மூன்று பேருமாகச் சேர்ந்து, தேநீர் ஆறுவதற்குள் கட்டிவிட்டோம். 1893 பிப்ரவரியில் ப்ரிம்ரோஸ் என்ற படகு எங்கள் துறைமுக வாசலிலேயே உடைந்து ஏழு பேர் செத்தது உண்மை. துறைமுக முனையில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. கோபுரத்தில் படகுகளுக்கு வழிகாட்டும் விளக்கு எரிந்தது என்பது பொய், அங்கே ஒரு நாளும் விளக்கு எரிந்ததில்லை. டோசி வாட் ஆசைப்பட்ட பெண்ணை ப்ரிம்ரோஸ் படகின் தலைவன் கட்டிக்கொண்டான் என்பதும், அந்த வஞ்சத்தில் டோசி விளக்கை அணைத்தான் என்பதும் சுத்தப் புளுகு. கொள்ளுத்தாத்தாவை லூயிஸ் கொடுத்தார். ப்ரிம்ரோஸை எபி கொண்டுவந்தான்.

"அணைச்சான்னு சொல்லாத எபி, காத்துல அணைஞ்சிருக்கும்னு சொல்லிடுவாங்க. வெளக்கு மேல ஈரச் சாக்கப் போட்டான்னு சொல்லு" என்றேன் நான்.

இரண்டு பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அந்த ஈரச் சாக்கு என்னுடையது.

அடுத்த வாரத்திலிருந்து எபி சாவியைக் கொடுத்து அனுப்புவதை விட்டுவிட்டுத் தானே கூடப் போனான். நாலு நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஜன்னல் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, சாக்கைப் போடுவதுபோல் கையை விரிப்பான். பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். ஊரில் எல்லோருக்கும் இது கட்டுக்கதை என்று தெரியும். கடையில் லூயிஸைப் பார்த்தால் கேட்பார்கள்:

"என்ன டோசி, சாக்கு காஞ்சுதா?"

"ஒன் வீட்டு வெளக்க மொதல்லப் பாத்துக்கோ. அடுத்தது அதான்" என்பார் லூயிஸ்.

எங்கள் ஊர் அப்போது ஊராக இருந்தது. பிறகு ஒவ்வொரு வீடாகக் கைமாறியது. வயதானவர்கள் போனார்கள், பிள்ளைகள் வேலைக்கென்று அபர்டீன் நகரத்துக்குப் போனார்கள், தெற்கிலிருந்து வந்தவர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப்போட்டார்கள். கோடையில் தெருவெல்லாம் கார். ஜனவரியில் ஷோர் தெருவில் பதினொரு வீட்டில்தான் ஆள். வேடிக்கை என்றால், அது வேடிக்கை என்று தெரிந்தவர்கள் நாலு பேர் வேண்டும். தெரிந்தவர்கள் கல்லறைக்குப் போகப்போக, மிச்சம் இருந்தவர்களுக்கு அது சரித்திரமாகிவிட்டது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

பாரம்பரியப் பாதையை ஆரம்பித்தபோது அலுவலகத்திலிருந்து ரோஸலிண்ட் என்ற பெண் வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நேராகவே கேட்டாள்: "மிஸ்டர் நிகோல், இது நெஜமா நடந்ததா?"

நான் அங்கேதான் இருந்தேன். எபி சாவியிலிருந்த தக்கையைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "எங்க வீட்ல பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

அதுவரைக்கும் அது விளையாட்டு. அந்த நொடியில் பொய்யாயிற்று. அது தெரிந்தும் நான் அவனைத் திருத்தவில்லை. அவள் எழுதிக்கொண்டு போனாள். அடுத்த வசந்தத்தில் கோபுரத்துக்கு முன்னால் பெரிய பலகை வந்தது. டோசி வாட் சாக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம், கீழே எங்கள் பட்டப்பெயர், செத்த ஏழு பேரின் பெயர். எபிக்கு நீலச் சட்டையும் நெஞ்சில் குத்த ஒரு வில்லையும் கொடுத்தார்கள். சில வருஷத்தில் அது வருஷத்துக்கொரு நாடகமாயிற்று. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, தொண்ணூறு நாற்காலி, கையில் விளக்கோடு எபி. பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இவன் பேசுவதைக் கேட்கத்தான்.

லூயிஸ் நாடகத்துக்கு மட்டும் போக மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஜூலையில், லூயிஸ் துறைமுக முனையில் அந்த ஏழு பேர் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். உப்பு படிந்து எழுத்து மறைந்துவிடும். கோடையில் இரண்டு மூன்று தடவை துணியும் வாளியுமாகப் போய்த் துடைப்பது அவர் வழக்கம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் பூவோடு ஒரு பெண் வந்தாள், அறுபது வயதிருக்கும். நியூசிலாந்தாம். கல்லில் மூன்றாவது பெயர் அவள் பாட்டியின் அப்பா. லூயிஸ் துடைப்பதைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"யாரோ இத இவ்வளவு அக்கறையா பாத்துக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. ரொம்ப நன்றி" என்று கையை நீட்டினாள். "ஒங்க பேரு?"

"லூயிஸ் வாட்."

"எந்த வாட்?" என்றாள். பலகையைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"டோசி."

நீட்டிய கை அப்படியே பின்னால் போயிற்று. "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கையப் பிடிக்க எனக்கு மனசு வரல" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பூவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

லூயிஸ் துணியைப் பிழிந்து, நாலாக மடித்து, வாளியின் விளிம்பில் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது புளுகுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது ஐனா? பூவக் கையில வச்சுக்கிட்டு நிக்குது. ஒங்க வீட்டு ஆளுங்க செத்தத வச்சு நாங்க டீ குடிச்சுக்கிட்டே கத கட்டுனோம்னு சொல்லவா?"

அங்கிருந்து நேராக எபி வீட்டுக்குப் போனோம். அவன் நாடகத்துக்கான விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நடந்ததை நான்தான் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எபி, அந்தப் பலகைய எடுக்கச் சொல்லு. நாமதான் கட்டுனோம்னு நீயே சொல்லிடு" என்றார் லூயிஸ்.

"சொல்றேன்டா. சத்தியமா சொல்றேன். செப்டம்பர் முடியட்டும். டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. கோபுரத்துக்குக் கூரை போடப் பணம் தர்றவங்க அன்னிக்குத்தான் பாக்க வர்றாங்க. இப்பப் போயிச் சொன்னா..." நிறுத்தினான். பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் என்னைய யாருடா கூப்பிடுவா?" என்றான்.

லூயிஸ் வாளியைக் கையில் எடுத்தார். "சரி. செப்டம்பர்" என்றார்.

எதையும் இரண்டாம் தடவை கேட்கிற ஆள் இல்லை அவர். எபிக்கும் அது தெரியும். ஆகஸ்டில் லூயிஸுக்கு நுரையீரல் படுத்துவிட்டது. எல்ஜின் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எபி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு பஸ் மாறி வந்தான். விழுங்கக்கூட முடியாத ஆளுக்கு ரோவி ரொட்டி வாங்கி வருவான். கால்பந்து பேசுவார்கள். பழைய படகு பேசுவார்கள். அவனைத் தனியே விட்டுவிட்டு நான் தாழ்வாரத்துக்குப் போய்விடுவேன். இன்றைக்காவது சொல்வான், ரோஸலிண்டிடம் பேசிவிட்டேன் லூயிஸ் என்று சொல்வான் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். சொல்லவில்லை. செப்டம்பர் பதினொன்றாம் தேதி லூயிஸ் போய்விட்டார். டோசி வாட் ஏழு பேரைக் கொன்றவனாகவே இருந்தான்.

எங்கள் பக்கம் சவப்பெட்டியை இறக்குவது எட்டுக் கயிறு பிடித்து. யார் எந்தக் கயிறு என்று முன்னாலேயே முடிவு செய்து ஆளுக்கொரு அட்டை அனுப்புவார்கள். பெட்டியின் படம் போட்டு, உங்கள் எண் இது என்று வட்டமிட்டிருக்கும். ஒன்று தலைமாடு, அது மூத்த மகனுக்கு. இரண்டு கால்மாடு. மகனுக்கு அடுத்தபடி யாரோ, அவர் நிற்கிற இடம். சில பேர் பட்டியலைத் தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். லூயிஸ் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தார். ஒன்று, எங்கள் மகன் ரானல்ட். இரண்டு, எபி.

அடக்கச் சடங்கு செய்கிறவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பட்டியலைக் கேட்டபோது அவருடைய பேனாவையே வாங்கி எபியின் பெயரை அடித்தேன். பக்கத்தில், பீட்டர்ஹெட்டில் இருக்கும் கென்னத்தின் பெயரை எழுதினேன். லூயிஸின் சித்தப்பா மகன். இருபது வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தவன். எனக்கு அப்போது ஒரு நிமிஷம்கூடத் தயக்கம் இல்லை.

ரானல்ட் சீட்டைப் பார்க்கவில்லை. அச்சடித்த அட்டைகள் வந்ததும், "என்னம்மா, எபி மாமாவுக்கு இல்லையா?" என்றான்.

"இல்ல."

"அப்பா எழுதுனதா இது?"

"ஆமா" என்றேன்.

எபி பொய்யை ஒரு வாக்கியத்தில் சொன்னான். எனக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

எபி கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தான். எண் கூப்பிடும்போது எட்டுப் பேர் முன்னால் போனார்கள். அவன் கல்லறைத் தோட்டத்து மதிலோரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி இறங்கியது. முப்பத்திரண்டு வருஷம் ஒருவர் மேல் ஒருவர் படுத்துத் தூங்கியவர்கள். நான் அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ. இருந்தது.

செப்டம்பர் இருபத்தெட்டு, நாடக நாள். முதல் தடவையாக நான் போனேன். அவன் செய்கிறானா பார்ப்போம் என்றுதான் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். எபி கம்பளிச் சட்டையும் விளக்குமாக வாசலில் வந்து நின்றான். விளக்கைக் கீழே வைத்தான்.

"இது பொய்யி" என்றான். "நானும் லூயிஸ் வாட்டும் அவன் பொண்டாட்டியும் டீ குடிக்கும்போது கட்டுன கத. இந்தக் கோபுரத்துல வெளக்கே எரிஞ்சதில்ல. டோசி வாட் யாரையும் கொல்லல. லூயிஸ் வந்து என்னையக் கேட்டான், உண்மையச் சொல்லிடுடான்னு. நான் செப்டம்பர்னேன். அவன் செத்துட்டான்."

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

"தட்டாதீங்க!" என்று எபி கத்தினான். "நெஜமாத்தான் சொல்றேன், தட்டாதீங்க!"

கைதட்டல் இன்னும் பலத்தது. என் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இந்தப் பெரியவரு என்னமா நடிக்கிறாரு பாருங்க. போன வருஷம் இந்த முடிவு இல்ல."

அவன் என்னைப் பார்த்துவிட்டான். கூட்டத்துக்கு மேலே நேராக என்னைத்தான் பார்த்தான். நான் எழுந்து நின்று, ஆமாம், நான்தான் அந்தப் பொண்டாட்டி, அவன் சொல்வது உண்மை என்று சொல்லியிருந்தால் போதும். டோசி பெயர் அன்றைக்கே துடைக்கப்பட்டிருக்கும். என் கணவருக்காகவாவது எழுந்திருக்க வேண்டும். கோபம் என்னை உட்கார வைத்துவிட்டது. அவன் தனியாகவே நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன். கைதட்டல் ஓயும்வரை அவன் நின்றான், பிறகு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டான். ரோஸலிண்டிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். அவள் மேலே எழுதினாள், மேலே இருந்தவர்கள் யோசித்தார்கள். கடைசியில் பலகையின் கீழ்மூலையில், இது ஊரில் வழங்கும் கதை என்று பொடி எழுத்தில் ஒரு வரி ஒட்டினார்கள். சாக்கைத் தூக்கிய டோசி அப்படியே நிற்கிறான். இப்போது கதவில் எண் அமுக்கித் திறக்கிற பெட்டி. யாரும் யார் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

எனக்கும் எபிக்கும் வீடு நாற்பது அடி தூரம். மூன்று வருஷம் தலையாட்டலோடு சரி. பனி உறைந்த காலைகளில், நான் வழுக்கி விழாமல் இருக்க, என் வாசல்படியில் உப்புத் தூவியிருக்கும். யார் என்று நான் கேட்டதில்லை, நன்றியும் சொன்னதில்லை. லூயிஸே தன்னை ஒதுக்கிவிட்டார் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான். ரானல்டும் அப்படித்தான் சொல்லியிருப்பான். முதல் வருஷம் அது அவனுக்கு வேண்டியதுதான் என்று இருந்தது. இரண்டாம் வருஷம் அதை நினைக்காமல் இருக்கப் பழகினேன். மூன்றாம் வருஷம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சாகும் முன் சிநேகிதனை மன்னித்துவிட்டுப் போன மனிதரின் கடைசி வார்த்தையை நான் பேனாவால் அடித்து வைத்திருந்தேன். எபிக்குச் செய்ததைவிட லூயிஸுக்குச் செய்ததுதான் அதிகம் என்று தோன்ற ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்த மலர்க் கடிதம் வந்தது. நூற்றைம்பது வார்த்தையைக் கிழித்துப் போட்ட மறுநாள் மத்தியானம் போய் ஒன்பதாம் எண் கதவைத் தட்டினேன்.

"யாரு, ஐனாவா? வா" என்றான். இளைத்திருந்தான். கெண்டியை அடுப்பில் வைத்தான். சர்க்கரை எத்தனை என்று கேட்கவில்லை. இரண்டு போட்டான், சரியாக.

உட்காருமுன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "எபி, லூயிஸ் எழுதுன பட்டியல்ல ஒன் பேரு இருந்துச்சு. ரெண்டாவது. நான்தான் அடிச்சேன்."

அவன் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றி முடித்தான். "தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அவனே சொன்னான். ஆஸ்பத்திரியில, நீ வெளிய போயிருந்தப்ப. 'ரெண்டு ஒனக்குடா, காலப் பாத்து எறக்கு'ன்னு சொல்லிச் சிரிச்சான். இருமல் வந்துருச்சு. அப்புறம் அட்ட வரல. வேற யாரு அடிச்சிருப்பா?"

"தெரிஞ்சுக்கிட்டா மூணு வருஷமா சும்மா இருந்த? ஒரு நாள் வந்து என்னைய நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல?"

"என்னத்தக் கேக்க? அவன் மன்னிச்சான், அது எனக்கு அதிகம். நீ மன்னிக்கல, அது எனக்கு சரியா இருந்துச்சு."

நான் அழுதேன். எழுபத்திரண்டு வயதில் இன்னொருவன் வீட்டு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுவது அழகாக இருக்காது. அவன் துணி எடுத்துக் கொடுத்தான், பாத்திரம் துடைக்கிற துணி. அன்று நாடகத்தில் எழுந்து நிற்காததையும் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அது அவனுக்கு ஆறவில்லை என்று தெரிந்தது, ஆற வேண்டும் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"ஐனா, அன்னிக்கு கனமா இருந்தானா?"

"என்ன?"

"லூயிஸுதான். மதிலோரம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப எளச்சுப் போயிருந்தானே, லேசாத்தான் இருந்திருப்பான்னு நெனச்சேன். ஆனா அந்தப் பீட்டர்ஹெட்காரன் கையி நடுங்குச்சு. அதுலருந்து எனக்கு இதே நெனப்பு. கனமா, லேசா?"

"தெரியாது எபி" என்றேன். "நான் கயிறு பிடிக்கலையே."

அவன் தலையை ஆட்டினான், சரி என்பதுபோல. தெரிந்துவைத்திருக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான். அந்தக் கால்மாட்டுக் கனம் தெரிந்தவன் பீட்டர்ஹெட்டில் இருக்கிறான். அடக்கத்துக்குப் பிறகு அந்தக் கென்னத் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.